தேதி தாண்டாத கம்ப்யூட்டர்

அந்த எம்பிராய்டரி கடையின் கம்ப்யூட்டருக்கு மட்டும் வயதே ஆவதில்லை. டிசம்பர் முடிந்ததும் உலகம் முழுக்கப் புது வருஷத்துக்குப் போய்விடும். அது மட்டும் அடம்பிடித்துப் பழைய ஜனவரிக்கே திரும்பிவிடும். தானாகத் திரும்புவதில்லை, பாவம். அண்ணன்தான் திருப்பிவைப்பார். வருஷத்தின் முதல் நாள் கடையைத் திறந்து, விளக்கைப் போட்டு, மெஷின்களுக்கு எண்ணெய் விடுவதற்கும் முன்னால் அவர் செய்கிற முதல் காரியம் அதுதான்.

காரணம் இல்லாமல் இல்லை. துணியில் விழவேண்டிய ஒவ்வொரு தையலையும் திரையில் வரைந்து மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும் புரோகிராம் ஒன்று அதில் இருந்தது. ஒரு வருஷ உரிமத்தோடு வாங்கியது. அந்த வருஷம் முடிவதற்குள் அதைச் செய்த கம்பெனியே மூட்டை கட்டிவிட்டது. உரிமத்தைப் புதுப்பிக்க ஆளில்லை. தேதி தாண்டிவிட்டால் புரோகிராம் திறக்காது. உள்ளே இருக்கும் டிசைன்கள் எல்லாம் அதோடு போச்சு. அண்ணன் ஒரு நாள் முழுக்க மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்துவிட்டு, "தேதிய தாண்ட விடலன்னா?" என்று கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். அந்த யோசனையை நினைத்து அவருக்கு இன்றுவரை ஒரு கர்வம் உண்டு.

திரையின் வலது மூலையில், தேதி தெரியும் இடத்தில், ஒரு துண்டு டேப்பை ஒட்டி அதன்மேல் "தொடாதே" என்று எழுதியும் வைத்திருந்தார். இப்படியாக அந்தக் கம்ப்யூட்டர் ஒரே வருஷத்தை ஒன்பது தடவை வாழ்ந்து முடித்து, பத்தாவது தடவையின் நடுவில் இருந்தது. இணையதளம் எதுவும் அதில் திறக்காது. கிழட்டுக் கம்ப்யூட்டர், அவ்வளவுதான் முடியும் என்று விட்டுவிட்டார்கள். மெயில் மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது. வருகிற மெயிலெல்லாம் அதன் கணக்குப்படி ஒன்பது வருஷம் கழித்து எழுதப்பட்டவை. அதுவும் பழகிவிட்டது.

அண்ணனின் தங்கைக்கு வீட்டில் ஊசி என்று பெயர். ஆள் ஒல்லி, வாய் கூர்மை, அதனால் வந்த பெயர். புரோகிராம் வாங்கிய வருஷம்தான் அவளும் கடைக்கு வந்தாள். "ஒரு வருஷம் மட்டும் கூட இரு, கடை கொஞ்சம் நிமிரட்டும்" என்று அண்ணன் கேட்டார். சரி என்றாள். அப்போது முப்பத்தொன்று. இப்போது நாற்பது. கடை எப்போதோ நிமிர்ந்துவிட்டது. ஒரு வருஷம்தான் முடியவே இல்லை.

டிசைன் போடுவது முழுக்க ஊசியின் வேலை. அண்ணன் மெஷின் ஓட்டுவார். அண்ணி நூல் வெட்டி, இஸ்திரி போட்டு, மடித்துக் கட்டுவாள். பள்ளிச் சட்டைக்குச் சின்னம், ஆஸ்பத்திரிக் கோட்டுக்குப் பெயர், விளையாட்டு அணிக்குச் சிறுத்தை. அந்தச் சிறுத்தையை மட்டும் ஊசி நூற்று நாற்பது தடவை போட்டிருப்பாள். கடை வேலை முடிந்த பிறகு தனக்காக ஒரு நீளமான அங்கியின் முதுகில் பறவை இறகுகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் எடுத்தது. ஒரு இறகு போல இன்னொன்று இருக்காது. ஏதாவது ஒரு நாடகத்தில் ராஜா வேஷக்காரர் அதைப் போட்டுக்கொண்டு மேடையில் திரும்பி நடந்தால் கடைசி வரிசை வரைக்கும் மினுங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தைத்தாள்.

பத்து மணி நேர ரயில் தூரத்தில் ஒரு பெரிய நாடக அரங்கம் இருந்தது. அதன் உடைப் பட்டறையில் வருஷத்துக்கு ஆறு பேரைச் சேர்த்துப் பயிற்சி கொடுப்பார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஊசி யாருக்கும் சொல்லாமல் அந்த அங்கியைப் படமெடுத்துக் கடை மெயிலிலிருந்து அனுப்பிவிட்டாள். போன திங்கள்கிழமை பதில் வந்தது. "தங்கள் விண்ணப்பத்தை இவ்வளவு காலம் கவனிக்காமல் விட்டதற்கு முதலில் எங்கள் மன்னிப்பைக் கேட்டுக்கொள்கிறோம்" என்று ஆரம்பித்து, ஒரு வருஷத்துக்கு இடம் தருவதாகச் சொல்லியது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இதே மெயில் முகவரியிலிருந்து எழுத்தில் பதில் வர வேண்டும். போனில் சொல்வது செல்லாது. பதில் இல்லையென்றால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வோம் என்றும் இருந்தது.

இரண்டு மாதத்துக்கு இவ்வளவு பெரிய மன்னிப்பா, எவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள் என்று ஊசிக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது. சந்தோஷத்தில் அன்றைக்கு ஒரு சிறுத்தைக்கு ஐந்து கால் போட்டுவிட்டாள்.

சந்தோஷம் ஒரு நாள்தான் தாங்கியது. நான் போய்விட்டால் டிசைன் யார் போடுவது என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அண்ணனுக்கு அந்தப் புரோகிராமில் திறக்கவும் மூடவும்தான் தெரியும். இரண்டு நாள் தூக்கம் கெட்டு, கடைசியில் வியாழக்கிழமை காலை, அண்ணன் வருவதற்கு முன்னால் நான்கு வரி எழுதினாள். குடும்பச் சூழ்நிலை காரணமாக வர இயலவில்லை, மன்னிக்கவும், நன்றி, வணக்கம். அனுப்பு என்பதை அழுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மெயில் போகவில்லை. சர்வருடன் இணைக்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள். அதே பெட்டி. அந்த நான்கு வரியும் அவுட்பாக்ஸில் போய் நின்றுகொண்டது. 

அண்ணன் வந்ததும் கேட்டாள். "அண்ணா, மெயில் போக மாட்டேங்குது. ஏதாவது நோட்டீஸ் வந்துச்சா?"

"எங்க வந்துச்சு?" என்றவர் சற்று யோசித்தார். "ஒருத்தன் மட்டும் ஆறு தடவ எழுதினான். பாதுகாப்பில்லாத இணைப்ப வியாழக்கிழமையிலேருந்து மூடுறோம், அமைப்ப மாத்துங்கன்னு. ஏமாத்துக்காரப் பய. நான் அசருவனா? ஆறையும் அழிச்சிட்டேன்."

"அண்ணா, அது நம்ம மெயில் கம்பெனிக்காரங்களே அனுப்பினது."

"அப்படியா?" என்றார் அண்ணன், அசராமல். "அவ்வளவு அவசரமா யாருக்கு அனுப்பணும்?"

"ஒரு வாடிக்கையாளருக்கு" என்றாள் ஊசி. அண்ணனிடம் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை, காது சிவந்துவிட்டது. அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்து ஒரு பார்வை பார்த்தாள்.

கைபேசியில் அந்த மெயிலைத் திறந்து பார்க்கலாம் என்றால் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும், அதுவும் கறுப்புப் புள்ளிகளாக. மறந்துவிட்டது என்று சொன்னால் புதியது வாங்கிக்கொள்ள ஒரு மெயில் அனுப்புவார்கள்; அந்த மெயில் வருவதும் அதே பெட்டிக்குத்தான். பூட்டின அறைக்குள்ளேயே சாவியை வைத்த மாதிரி ஆகிவிட்டது. உதவி மையத்துக்குப் போன் போட்டாள். வரிசையில் நாற்பத்திரண்டாவது ஆள் என்றது. நாடே இன்றைக்குத்தான் விழித்துக்கொண்டது போலிருந்தது. இரண்டு முறை பாட்டுப் பாடிவிட்டு லைன் அறுந்தது. நடுவில் முப்பத்தெட்டு ஆஸ்பத்திரிக் கோட்டுகளுக்குப் பெயர் ஓட்ட வேண்டியிருந்தது. மூன்றே முக்காலுக்குத்தான் மனிதக் குரல் கேட்டது.

"வணக்கம், சொல்லுங்க மேடம்." பெண் குரல். சளி பிடித்திருந்தது.

ஊசி கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். மவுஸ் பிடிக்கக் கை வேண்டுமே. அங்கேதான் அவள் ரகசியத்துக்குக் காலம் முடிந்தது, அவளுக்குத் தெரியவில்லை.

"முதல்ல மெயில் புரோகிராம்ல கணக்கு அமைப்புக்குப் போங்க. பாஸ்வேர்டு கட்டத்த மட்டும் தொட்டுடாதீங்க, அது இருந்தபடியே இருக்கட்டும். வர்ற மெயிலுக்கான சர்வர்னு இருக்கா? போர்ட் எண் என்ன?"

"நூத்தி நாப்பத்தி மூணு."

"அத அழிச்சிட்டு தொள்ளாயிரத்தி தொண்ணூத்தி மூணு போடுங்க. கீழ பாதுகாப்புன்னு இருக்கும். ஒண்ணுமில்லன்னு காட்டுதா?"

"ஆமா. ஒண்ணுமில்லன்னுதான் இருக்கு."

"இத்தன வருஷமா உங்க மெயிலு, பாஸ்வேர்டு எல்லாம் ஒட்டாத கவர்ல போயிட்டிருந்துச்சு மேடம். நடுவுல யார் வேணா பிரிச்சுப் படிச்சிருக்கலாம். அதுல எஸ்எஸ்எல்னு தேர்ந்தெடுங்க, அது கவர ஒட்டி அனுப்புற முறை. இப்ப போற மெயிலுக்கான சர்வர். அங்க இருபத்தஞ்சு இருக்கும். நானூத்தி அறுபத்தஞ்சு போட்டு, அதுக்கும் எஸ்எஸ்எல். போட்டாச்சா? சேமிச்சிட்டு, மெயில் வருதான்னு பாருங்க."

பார்த்தாள். சக்கரம் சுற்றியது. பிறகு மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டி வந்தது. ஊசி வாசித்தாள்: "சர்வரின் சான்றிதழ் ஏற்கத்தக்கதாக இல்லை. இருந்தாலும் தொடரவா?"

"தொடரட்டும், அழுத்து" என்றாள் அண்ணி தூரத்திலிருந்தே.

"அழுத்தாதீங்க!" கைபேசி அலறிவிட்டு இருமியது. "சான்றிதழ்ங்கிறது எங்க சர்வரோட அடையாள அட்டை மேடம். அத சரி பார்க்காமலே உள்ள விடுன்னு சொன்னீங்கன்னா, நாளைக்கு எவன் வந்து நான்தான் சர்வர்னு சொன்னாலும் பாஸ்வேர்ட நீட்டிடும். ஏன் ஏத்துக்கலன்னு கீழ காரணம் இருக்கும், படிங்க."

"சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லைன்னு இருக்கு."

"இன்னும் வரலையா? எங்க சான்றிதழ் போன மாசம் வாங்கினதாச்சே." அந்தப் பெண் மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள். "மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க கம்ப்யூட்டர்ல இன்னிக்கு என்ன தேதி?"

ஊசி டேப்பைப் பார்த்தாள். அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு நூல்கண்டு ஒன்றை எடுத்து அதன் எண்ணைப் படிக்க ஆரம்பித்தார். இத்தனை நேரம் எல்லா எண்ணையும் மாற்றியவளுக்கு அந்த ஒன்று நினைவுக்கே வரவில்லை. உப்புப் போடாமலே குழம்பு ஏன் சப்பென்றிருக்கிறது என்று தேடுகிற கதையாகத்தான் இருந்தது.

"ஒன்பது வருஷம் முந்தின தேதி" என்றாள் ஊசி மெல்ல.

"அட! உள்ள தேதிய வெச்சிருக்கிற பேட்டரி போயிடுச்சா?"

"இல்ல. நாங்களேதான் வெச்சிருக்கோம்."

உதவி மையத்தில் அப்படி ஒரு பதிலை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "நீங்களே" என்று திருப்பிச் சொன்னாள் அந்தப் பெண், நம்பாமல். "அப்ப அது எப்படி மேடம் ஏத்துக்கும்? அதோட கணக்குல எங்க அட்டை இன்னும் அச்சடிக்கவே இல்லையே. அப்போ நீங்க அனுப்புற மெயில் எல்லாமே அந்தப் பழைய தேதியோடதான் போய்ச் சேரும். வாங்குறவங்க பெட்டியில அடியில போய் உக்காந்துக்கும். யாரும் உங்ககிட்ட சொன்னதில்லையா?"

ஊசிக்கு அரங்கத்து மெயிலின் முதல் வரி நினைவுக்கு வந்தது. தங்கள் விண்ணப்பத்தை இவ்வளவு காலம் கவனிக்காமல் விட்டதற்கு. மரியாதை இல்லை அது. ஒன்பது வருஷம் காக்க வைத்துவிட்டோம் என்று உண்மையாகவே நினைத்திருக்கிறார்கள்.

"தேதிய சரி பண்ணிட்டீங்கன்னா வேல முடிஞ்சது" என்றது கைபேசி. "அவுட்பாக்ஸ்ல ஏதாவது நிக்குதா? இணைப்பு கிடைச்ச உடனே அது தானா கிளம்பிடும். அவசரமான மெயிலா?"

"அஞ்சு மணிக்குள்ள போகணும்" என்றாள் ஊசி. எல்லாவற்றையும் யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. ஸ்பீக்கர் போட்டிருப்பதும் மறந்துபோனது. "நாடகப் பட்டறையில ஒரு வருஷம் இடம் குடுத்திருக்காங்க. வரலன்னு சொல்லணும். சொல்லலன்னா அவங்களே வரலன்னு எடுத்துப்பாங்களாம். இருந்தாலும் சொல்றதுதானே மரியாதை."

அண்ணி இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். 

"ஏன்டி ஊசி, பேசாம இருந்தாலே வரலன்னுதானே அர்த்தம்? வரலன்னு சொல்றதுக்கா காலையிலேருந்து சோறு தண்ணி இல்லாம இந்தக் கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டிக்கிட்டிருக்க?"

அவ்வளவுதான் கேட்டாள். ஊரையே வாயால் தைத்துவிடுகிறவள், மேஜையில் தலையைக் கவிழ்த்து அழ ஆரம்பித்தாள். போக ஆசையாக இருந்தது அவளுக்கு. அவ்வளவு ஆசையாக இருந்தது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றது கைபேசி, பயந்துபோய்.

"இருக்கா, இருக்கா. கொஞ்சம் அழுதுட்டு வருவா" என்றாள் அண்ணி.

அண்ணன் நூல்கண்டைக் கீழே வைத்தார். வந்து தங்கையின் பக்கத்தில் நின்றார். அவருக்குக் கோபம் வந்ததா, வருத்தம் வந்ததா என்றால் இரண்டும் வந்தது. அதற்கு மேல் வெட்கமும் வந்தது. ஒரு வருஷம் என்று தான் கேட்டது அவருக்கு மறந்தா போயிருந்தது? ஒவ்வொரு ஜனவரியிலும் நினைவுக்கு வரத்தான் செய்தது. நினைவுக்கு வந்ததும் சட்டென்று தேதியைத் திருப்பிவைத்துவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடப் போய்விடுவார்.

"அந்தப் பறவை அங்கியத்தான் அனுப்பினியா?" என்று கேட்டார்.

"ம்."

"எடுத்துக்காம விட்டிருந்தாதான் அவனுங்கள என்னன்னு கேட்டிருப்பேன்."

"அண்ணா, தேதிய மாத்தினா புரோகிராம் போயிடும். ஒரே ஒரு தடவ இன்னிக்குத் தேதியப் பாத்துட்டாக்கூட அப்புறம் திறக்காதுன்னு வித்தவன் சொன்னான்ல. ஆயிரத்து நூறு டிசைன்."

"எல்லாம் யார் போட்டது?"

"நான்தான்."

"போட்டவளே இங்க உக்காந்து அழுதுக்கிட்டிருக்கா, டிசைன் போச்சுன்னா போகுது." அண்ணன் அவள் முன்னால் விசைப்பலகையைத் தள்ளினார். "எது போகணும்னு நீ முடிவு பண்ணு. வரலன்னுதான் போகணும்னாலும் போகட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எழுதி முடிச்சிட்டு சொல்லு, நான் தேதிய மாத்துறேன்."

மணி நாலு இருபத்தைந்து. ஊசி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவுட்பாக்ஸைத் திறந்தாள். காலையில் எழுதிய நான்கு வரியும் அசையாமல் நின்றுகொண்டிருந்தன. காலையிலேயே இணைப்பு கிடைத்திருந்தால் அவை போய்ச் சேர்ந்திருக்கும், வேறு யாரோ அந்த இடத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். முழுவதையும் அழித்தாள்.

வருகிறேன் என்று எழுதினாள். அதோடு அனுப்பியிருக்கலாம். ஆனால் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஒன்பது வருஷம் காத்திருந்தவள் என்று நினைத்து இரக்கத்தில் கொடுத்த இடமாக இருந்தால்? அடியில் இன்னும் இரண்டு வரி சேர்த்தாள். "என் விண்ணப்பத்தில் இருந்த பழைய தேதி எங்கள் கம்ப்யூட்டரின் தவறு. நான் அனுப்பி இரண்டு மாதம்தான் ஆகிறது. அதனால் இடம் இல்லை என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள்."

தோளுக்கு மேலாகப் படித்த அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "கைக்கு வந்தத யாராவது இப்படித் திருப்பி நீட்டுவாங்களா?"

"தெரிஞ்சும் மறைச்சா அங்க போய் ஊசியப் பிடிக்கவே கை கூசும் அண்ணி" என்றாள் ஊசி.

அண்ணன் டேப்பின் ஒரு முனையை நகத்தால் நெம்பினார். ஒன்பது வருஷப் பசை, லேசில் வருமா. பிய்த்துப் பிய்த்து எடுத்தார். பிறகு மவுஸைப் பிடித்து வருஷத்தை ஒவ்வொன்றாக ஏற்றினார். ஒவ்வொரு சொடுக்குக்கும் உதடு அசைந்தது. ஒன்பது முறை. பிறகு சரி என்பதை அழுத்தினார்.

"இப்ப பாருங்க மேடம்" என்றது கைபேசி. அந்தப் பெண் இன்னும் லைனில்தான் இருந்தாள்.

சக்கரம் சுற்றியது. மஞ்சள் பெட்டி வரவில்லை. ஓரத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் வந்தது. அவுட்பாக்ஸில் ஒன்று என்று இருந்தது காலியானது. மணி நாலு நாற்பத்தொன்று.

"போயிடுச்சு" என்றாள் ஊசி.

"எது மேடம் போச்சு? வரலன்னா, வர்றேன்னா?"

"வர்றேன்னு."

"அப்பாடா" என்றது சளி பிடித்த குரல். "இத நான் கேக்கக் கூடாது. ஆனா கேக்காம வெச்சிருந்தா எனக்கு இன்னிக்கு வேலையே ஓடாது. நல்லபடியா போயிட்டு வாங்க மேடம்."

பிறகு காத்திருந்தார்கள். காலையிலிருந்து தேங்கியிருந்த மெயில்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ஒரு பள்ளிக்கூடம் சின்னத்தின் நிறத்தை மாற்றச் சொன்னது. யாரோ சிறுத்தைக்கு நான்கு கால் போதும் என்று எழுதியிருந்தார்கள். ஐந்து மணி ஆனது. ஐந்து ஐந்து ஆனது. கைக்கு வந்ததைத் திருப்பி நீட்டியது தப்போ என்று ஊசிக்கே அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அண்ணி இல்லாத பிசிறுகளை வெட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து பன்னிரண்டுக்குப் பட்டறைத் தலைவியிடமிருந்து பதில் வந்தது. ஊசிக்குக் கண் மறைத்தது. அண்ணன்தான் சத்தமாகப் படித்தார்.

"நாங்கள் பார்த்தது இறகுகளை. தேதியைப் பார்த்தது மன்னிப்புக் கேட்பதற்கு மட்டும்தான். அந்த மன்னிப்பை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். அடுத்த மாதம் முதல் தேதி வந்துவிடுங்கள்."

அண்ணி சிரித்தாள், ஊசி அழுதுகொண்டே சிரித்தாள். அண்ணன் அதை இன்னொரு முறை படித்தார். பிறகு டிசைன் புரோகிராமின் படத்தை இரண்டு தட்டுத் தட்டினார். உரிமம் முடிந்து எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று சிவப்பில் எழுதிவிட்டு அது மூடிக்கொண்டது.

"தேதிய மறுபடி பின்னாடி வெச்சுப் பாக்கலாமா அண்ணா? ஒருவேள திறந்தாலும் திறக்கும்."

அண்ணன் கசங்கிய டேப்பை உருட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். "வேணாம். மெஷினுக்குள்ள ஒரு முன்னூறு டிசைன் இருக்கும், அது போதும் இப்போதைக்கு. மத்தத புது புரோகிராம் வாங்கிப் போட்டுக்கலாம். நீ கிளம்ப இன்னும் மூணு வாரம் இருக்குல்ல, அதுக்குள்ள எனக்குச் சொல்லிக் குடு."

"நீயா? கத்துக்கப் போறியா?"

"ஏன், எனக்கென்ன வயசா ஆயிடுச்சு?" என்றவர் திரையின் மூலையைப் பார்த்தார். டேப் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அதில் இன்றைய தேதி. மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஆயிடுச்சுதான் போல. சரி, ஒரு வருஷம்தானே போற?"

"ஒரு வருஷம்தான் அண்ணா."

"போயிட்டு வா. இந்தத் தடவ நான் தேதியத் தொட மாட்டேன்."